புறநகரில் குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு இடம் தேடுவது எப்படி?

தாம்பரம், ஆவடி, மடிப்பாக்கம் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் பலரும் "இந்த ஏரியாவுல ஒரு பார்க் கூட இல்லையே" என்பார்கள். பெரும்பாலும் இரண்டு தெரு தள்ளி ஒன்று இருக்கும். பெயர்ப்பலகை இருக்காது, கேட் பாதி நாள் பூட்டியிருக்கும். அதைக் கண்டுபிடிப்பதைவிட, குழந்தை விழுந்து எழுந்து விளையாட அது ஏற்ற இடமா என்று பார்ப்பதுதான் பெரிய வேலை. அதற்கு ஓர் இன்ச் டேப்பும் ஒரு குச்சியும் போதும்.

படி 1: மேப்பிலும் மனை வரைபடத்திலும் தேடுங்கள்

கூகுள் மேப்பில் 'பார்க்' என்று மட்டும் தேடினால் பாதிதான் வரும். 'பூங்கா', 'சில்ட்ரன்ஸ் பார்க்', 'விளையாட்டுத் திடல்' என்றும் தேடுங்கள். பிறகு சாட்டிலைட் காட்சிக்கு மாற்றி, வீடுகளுக்கு நடுவே கட்டடமில்லாத திட்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து 500, 600 மீட்டருக்குள் பாருங்கள். நாலு வயதுக் குழந்தை போகவும் வரவும் நடக்கிற தூரம் அதுதான். வண்டியில் போக வேண்டிய பூங்காவுக்கு மாதம் ஒரு முறைதான் போவீர்கள்.

அடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தை எடுங்கள். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர். நிலம் என்கிறார்கள். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை, நிலமாகத் தராமல் அதற்குரிய மதிப்பைப் பணமாகவும் கட்டலாம். அதனால் சின்ன லேஅவுட்டுகளில் பூங்கா இல்லாமல் போகலாம். உங்கள் மனைப்பிரிவில் இல்லையென்றால் பக்கத்திலுள்ள பெரிய மனைப்பிரிவின் வரைபடத்தைப் பாருங்கள். அங்கே 'பூங்கா' என்று குறித்த இடம் இன்று கருவேலம் மண்டிக் கிடக்கலாம். அதையும் விடாமல் குறித்து வையுங்கள், கடைசிப் படியில் உதவும்.

படி 2: இரண்டு தடவை போய்ப் பாருங்கள்

முதல் தடவை வேலைநாளில் மாலை ஐந்து மணிக்கு, குழந்தையைக் கூட்டிப்போகாமல் தனியாகப் போங்கள். யார் யார் வருகிறார்கள், பெரிய பையன்கள் கிரிக்கெட் ஆடுமிடமும் சின்னக் குழந்தைகள் ஓடுமிடமும் ஒன்றா, நாய்கள் எங்கே படுத்திருக்கின்றன என்பதெல்லாம் தெரியும். பல பூங்காக்களை நடுப்பகலில் பூட்டிவிடுவார்கள். திறக்கும் நேரத்தைக் காவலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை மழை விட்ட மறுநாள். ஊஞ்சலுக்குக் கீழே கால் உரசி உரசிப் பள்ளமான இடத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் அப்படி நின்றாலே கொசு பெருகிவிடும். விளக்குக் கம்பத்தின் அடியிலுள்ள பெட்டிக்கு மூடி இல்லாமலோ ஒயர் வெளியே தொங்கிக்கொண்டோ இருந்தால், அது சரியாகும்வரை அந்தப் பூங்காவே வேண்டாம்.

படி 3: முதலில் தரையைப் பாருங்கள்

எல்லாரும் சறுக்குமரத்தின் வண்ணத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதன் காலடியை. உயரத்திலிருந்து தலைகுப்புற விழும் குழந்தைக்கு எவ்வளவு அடிபடும் என்பதைத் தரைதான் தீர்மானிக்கிறது.

நம் ஊர்ப் பூங்காக்களில் அடிக்கடி காணும் தவறு, சறுக்குமரத்தின் அடியிலேயே பேவர் பிளாக் பதிப்பது. சேறாகாது, பெருக்கச் சுலபம் என்று போட்டுவிடுகிறார்கள். குழந்தையின் மண்டைக்கு அது சிமென்ட் தரையேதான். கான்கிரீட்டின் மேல் நேரடியாக ஒட்டிய செயற்கைப் புல்லும் அப்படித்தான். பார்க்க மெத்தென்று இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் அடியில் கல் தட்டும். வெயிலில் அது கொதிக்கவும் செய்யும். மிதிபட்டு இறுகிய மண்ணும் கட்டாந்தரைதான்.

மணல் நல்லது, ஆழம் இருந்தால். குச்சியைக் குத்திப் பாருங்கள்: ஒரு அடி வரை இறங்க வேண்டும். நான்கு விரற்கடையில் நின்றுவிட்டால் அது பேருக்குப் போட்ட மணல். நனைந்து இறுகினாலும் அதன் பலன் குறையும், அவ்வப்போது கிளறிவிட வேண்டும். நாய், பூனை மலம் கழிக்கும் மணலில் புழுத்தொற்று அபாயம் உண்டு, அதனால் செருப்பு அவசியம், வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ரப்பர் தளமாக இருந்தால் ஓரங்கள் தூக்கிக்கொண்டு நிற்கிறதா பாருங்கள்.

மெத்தென்ற தரை கருவியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆறு அடி இருக்க வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் அதிகம்: சங்கிலி மாட்டிய கம்பி எட்டு அடி உயரமென்றால் முன்னே பதினாறு, பின்னே பதினாறு.

படி 4: கருவிகளைத் தொட்டுப் பாருங்கள்

ஊஞ்சலில் முதலில் பலகையைப் பிடித்து உங்கள் முழு எடையோடு கீழே இழுங்கள். பிறகு மேலே அண்ணாந்து, சங்கிலியும் கொக்கியும் உரசும் இடத்தைப் பாருங்கள். அந்த ஒரு வளையம் மட்டும் மற்றவற்றைவிட மெலிந்திருந்தால், அறுந்து விழும் நாள் தூரத்தில் இல்லை. இரும்புப் பலகையைவிட ரப்பர் இருக்கை நல்லது. ஆடுகிற ஊஞ்சலுக்குக் குறுக்கே ஓடும் குழந்தையின் நெற்றியில் இடிப்பது அந்தப் பலகைதான்.

இரும்புக் குழாய்கள் மண்ணோடு சேரும் இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும். மேலே புதுப் பெயின்ட் பளபளக்கும், அடியில் உளுத்திருக்கும். ஒரு சாவியால் தட்டுங்கள், கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள்.

சறுக்குமரம் ஃபைபரில் இருந்தால் விளிம்பு விரிசல்களைப் பாருங்கள், சிலாம்பு ஏறும். உலோகமென்றால் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் குழந்தையை ஏற்றக் கூடாது. சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்கவே வேண்டாம். அதன் கால் பக்கச் சுவரில் சிக்கி நிற்க, உங்கள் எடை கீழே தள்ள, எலும்பு முறிந்துவிடும்.

கைப்பிடிக் கம்பிகள், ஏணிப்படிகள் இவற்றின் இடைவெளியை டேப்பால் அளந்து பாருங்கள். 9 செ.மீ.க்குக் குறைவாகவோ 23 செ.மீ.க்கு அதிகமாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். பள்ளி அடையாள அட்டைக் கயிறு, துப்பட்டா இவற்றைக் கழற்றிய பிறகே ஏற விடுங்கள்.

பக்கத்தில் பெரியவர்களுக்கான உடற்பயிற்சிக் கருவிகள் இருந்தால் கவனம். அவற்றின் மூட்டுகளில் பிஞ்சு விரல்கள் நசுங்கும்.

படி 5: வயதுக்குப் பொருந்துகிறதா?

இரண்டு முதல் ஐந்து வயது வரை தாழ்வான சறுக்குமரம், மணல், சாய்மானமுள்ள ஊஞ்சல் போதும். தொங்கு கம்பியெல்லாம் ஐந்து வயதுக்கு மேல்தான். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்று சாந்தோம் நெடுஞ்சாலையில் சென்னை மாநகராட்சி ஒரு பூங்கா அமைத்திருக்கிறது. ஒவ்வொரு புறநகருக்கும் அப்படி ஒன்று கட்டாயம் வேண்டும்.

படி 6: சரியில்லாததைச் சரிசெய்யக் கேளுங்கள்

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 1913-க்கு அழையுங்கள். தாம்பரமும் ஆவடியும் தனி மாநகராட்சிகள், அவற்றுக்கு அந்தந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஊராட்சிப் பகுதியென்றால் கிராம சபையில் மனுவாகக் கொடுத்துத் தீர்மானம் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும்.

"பூங்கா சரியில்லை" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். "நுழைவாயிலிலிருந்து இரண்டாவது ஊஞ்சல், இடது சங்கிலியின் மேல் கொக்கி தேய்ந்துவிட்டது, அடியில் மணல் இல்லை" என்று படத்தோடு எழுதுங்கள். கருவேலம் மண்டிய திறந்தவெளிக்கு மனைப்பிரிவு வரைபடத்தின் நகலையும் இணைத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை போகும்போது அந்த எண்ணிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.