மாதுளையின் சிவப்பு ரத்தமாகாது: வீட்டு வைத்தியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் சித்தி மகள் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது பார்க்கப் போயிருந்தேன். சமையல் மேடையில் மிக்ஸி ஜார், வடிகட்டி, பக்கத்தில் உரித்த மாதுளைத் தோல் ஒரு தட்டு நிறைய. காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் என்று இரண்டு மாதமாக விடாமல் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் செக்கப்பில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தது. "அது போட்டா குமட்டுதுக்கா, மலம் கறுப்பா போகுது. அதான் மாதுளை குடிக்கிறேனே" என்றாள். அடுத்த வாரம் பார்த்த ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "மாதுளை சாப்பிடு, ரத்தம் ஊறும்" என்று நம் வீடுகளில் சொல்லாத பாட்டி கிடையாது. பழம் சிவப்பு, சாறு சிவப்பு, கையில் பட்டால் கறையும் சிவப்பு. அந்த நிறம் ஆந்தோசயனின் என்ற தாவர நிறமியால் வருவது. அதற்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. 100 கிராம் மாதுளை முத்தில் இருக்கும் இரும்பு சுமார் 0.3 மில்லிகிராம்தான். நடுத்தரப் பழம் ஒன்றை உதிர்த்தால் அரை மில்லிகிராம் தேறலாம். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 27 மில்லிகிராம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. மாதுளையை மட்டுமே நம்பினால் தினமும் ஐம்பது பழத்துக்கு மேல் உரிக்க வேண்டியிருக்கும். போதாததற்கு, மாதுளையின் துவர்ப்புக்குக் காரணமான டானின், இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கக்கூடியது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதனால் இந்தத் தவறைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். மாதுளை சாப்பிடுங்கள், தாராளமாக. ஆனால் மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். மலம் கறுப்பாகப் போவது அந்த மாத்திரைக்கு இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பாருங்கள். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதையும் அதோடு சேர்க்காதீர்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை இருக்கிறது, ஊசியும் இருக்கிறது. உணவில் தேடுவதானால் முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுண்டல், ஈரல், கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ. வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். மாதுளையிலும் அது உண்டு என்றாலும் கொய்யாவின் பக்கத்தில்கூட வராது.

சரி, அப்படியானால் மாதுளையில் என்னதான் இருக்கிறது? நிறையவே இருக்கிறது. 100 கிராம் முத்தில் நார்ச்சத்து 4 கிராம், பொட்டாசியம் 230 மில்லிகிராமுக்கு மேல், ஃபோலேட், வைட்டமின் கே. இதற்கெல்லாம் மேலே பியூனிகலஜின் போன்ற பாலிபீனால்கள். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் இவற்றிலிருந்து யூரோலித்தின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. மாதுளையின் நன்மை பற்றிய ஆராய்ச்சிகளில் பெரிதும் பேசப்படுவது இதுதான். ஆனால் அதைச் செய்யும் பாக்டீரியா எல்லார் குடலிலும் இருப்பதில்லை. ஒரே பழம் எல்லா உடம்பிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜூஸுக்கு வருவோம். மிக்ஸியில் அடித்து வடிகட்டும்போது நார் முழுக்க வடிகட்டியிலேயே நின்றுவிடுகிறது, டம்ளரில் இறங்குவது சர்க்கரையும் நிறமும். 200 மில்லி டம்ளரில் பழத்தின் சர்க்கரையே 25 கிராம் அளவுக்கு இருக்கும். கடை என்றால் அதற்கு மேல் சர்க்கரைப் பாகு வேறு. சர்க்கரை நோயாளிகளுக்குக் கைப்பிடி முத்தை மென்று தின்பது வேறு, ஜூஸ் வேறு. கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள பெண்களும் இதைக் கவனிக்க வேண்டும். சித்த மருத்துவத்தின் மாதுளை மணப்பாகு நல்ல மருந்துதான், ஆனால் அது சாறும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய பாகு. உங்கள் சர்க்கரை அளவைச் சொல்லாமல் கடையில் வாங்கிக் குடிக்காதீர்கள். விதையைத் துப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: நார்ச்சத்தின் பெரும்பங்கு அந்த விதையில்தான் இருக்கிறது, மென்று விழுங்கலாம். பல் முளைக்காத குழந்தைக்கு மட்டும் முழு முத்தாகக் கொடுக்காதீர்கள், புரையேறும்.

இனி தோல். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். வயிற்றுப்போக்குக்கு மாதுளைத் தோலைக் காயவைத்து இடித்து மோரில் கலந்து கொடுப்பது பழைய கைவைத்தியம். தோலில் டானின் நிறைய உண்டு, அந்தத் துவர்ப்பு குடலைச் சற்று இறுக்கிப் பிடிக்கும். பெரியவர்களுக்குச் சாதாரணமாக இரண்டு தடவை போனதற்குக் கொஞ்சம் கொடுத்து நின்றிருக்கலாம். குழந்தைக்கு அப்படி நினைக்காதீர்கள். குழந்தையின் உயிருக்கு ஆபத்து வருவது உடம்பிலிருந்து இறங்கிப் போகும் நீராலும் உப்பாலும்தான். போவது குறைந்த மாதிரி தெரிந்தாலும், இழந்த நீரைத் தோல் பொடி திருப்பித் தராது.

அதைத் திருப்பித் தருவது ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் வைத்து வாய் வழியாகக் கொடுக்க வைத்தார். முப்பது சதவீதம் அளவில் இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஓஆர்எஸ் பொடியின் பெரிய பாக்கெட் ஒன்றை முழுதாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கண்ணளவாகப் போட்டால் உப்பு ஏறி அதுவே கெடுதல். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள், போக்கு நின்ற பிறகும். குழந்தை அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழிந்திருக்கிறது, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை, மலத்தில் ரத்தம் தெரிகிறது, இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பாட்டி காலத்துத் தோல் கொல்லை மரத்திலிருந்து வந்தது. இன்று சந்தைக்கு வரும் பழம் பூச்சிக்கும் நோய்க்கும் திரும்பத் திரும்ப மருந்து அடித்து வளர்த்தது. உள்ளே இருக்கும் முத்துக்கு அந்தத் தோலே கவசம். நாம் காயவைத்துப் பொடிப்பது அந்தக் கவசத்தை.

வேர்ப்பட்டைக் கஷாயம் பற்றி ஒரே வரி: வீட்டில் வேண்டவே வேண்டாம். தட்டைப்புழுவுக்கு அது மருந்தாக இருந்தது உண்மை, அதிலுள்ள பெல்லட்டியரின் என்ற ஆல்கலாய்டை 1878இலேயே பிரான்ஸில் பிரித்தெடுத்துவிட்டார்கள். அளவு கூடினால் தலைசுற்றல், வாந்தி, பார்வைக் கோளாறு வரை போகும். இப்போது புழுவுக்குப் பாதுகாப்பான மாத்திரைகள் இருக்கின்றன.

பூவுக்கும் ஒரு பழக்கம் உண்டு. மூக்கில் ரத்தம் வந்தால் மாதுளம்பூச் சாற்றை மூக்கில் விடச் சொல்வார்கள். கசக்கிப் பிழிந்த சாற்றை ரத்தம் கசியும் இடத்தில் விடுவது சுத்தமல்ல, புரையும் ஏறும். உட்கார்ந்து தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து, பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, வாயால் மூச்சு விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். பெரும்பாட்டுக்கும், அதாவது மாதவிடாயில் அதிகமாக ரத்தம் போவதற்கும், இதே பூவைப் பாலில் கலந்து குடிக்கிறார்கள். மாதாமாதம் கட்டி கட்டியாகப் போகிற பெண்ணுக்குக் கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், தைராய்டு இருக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். "பூ குடிக்கிறேன், பார்க்கலாம்" என்று ஆறு மாதம் தள்ளிப்போடுவதுதான் தவறு.

மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். மாதுளை ஜூஸ் தொடர்ந்து குடிப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் குறைவதாக ஆய்வுகளில் தெரிகிறது. அதை நம்பி பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினசரி ஜூஸை ஆரம்பித்தாலோ நிறுத்தினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தின் வேகம் மாறியதாகப் பதிவுகள் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், அதுவும் ராமிப்ரில், டெல்மிசார்டான் வகை பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள், பொட்டாசியம் கூடும் என்பதால் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

கடைசியாக, வாங்கும்போது. வழவழவென்று உருண்டையாக மின்னுவதைத்தான் கை தேடும். நன்றாக விளைந்த பழம் முத்துகள் உள்ளிருந்து நெருக்குவதால் பக்கங்கள் லேசாகத் தட்டையாகி, கைக்குக் கனமாக இருக்கும். குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தால் உள்ளே புழு. வெளியே அழகாக இருந்தும் வெட்டினால் நடுவில் கறுத்துக் கிடப்பது பூஞ்சை. அந்தப் பகுதியை மட்டும் அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தை ஜூஸாக்காதீர்கள், பழத்தையே போட்டுவிடுங்கள். தெருவில் பிளாஸ்டிக் கப்பில் உதிர்த்து வைத்த முத்தும் வேண்டாம். 2013இல் அமெரிக்காவில், துருக்கியிலிருந்து வந்த உறைந்த மாதுளை முத்து கலந்த பழக்கலவையால் 160 பேருக்கு மேல் மஞ்சள்காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ தொற்றியது. கழுவாத ஒரு கை போதும்.

உரிப்பது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. முதலில் பழத்தைக் கழுவிவிடுங்கள். கிரீடத்தைச் சுற்றி மேல்தோலை வட்டமாகக் கீறி எடுத்தால், வெள்ளைச் சவ்வு பழத்தைப் பிரித்திருக்கும் கோடுகள் தெரியும். அந்தக் கோட்டிலேயே தோல் ஆழத்துக்கு மட்டும் கீறிப் பிளந்தால் சுளை சுளையாக வரும். தண்ணீர் நிரம்பிய பாத்திரத்துக்குள் வைத்து உதிர்த்தால் சவ்வு மேலே மிதக்கும், முத்து அடியில் தங்கும், சட்டையில் கறை படாது. என் சித்தி மகள் இப்போது இப்படித்தான் செய்கிறாள். ராத்திரி மாத்திரை போட்டுவிட்டுப் படுக்கிறாள், காலையில் ஒரு கிண்ணம் முத்து தின்கிறாள். எட்டாம் மாதம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 10.6.