தாத்தாவின் தபால்தலைகளைத் தண்ணீரில் போடாதீர்கள்

பரணில் கிடந்த தபால்தலை ஆல்பத்தை இறக்கி, அதிலிருந்து குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்கும் இளைஞர்கள் அடிக்கடி என்னிடம் வருகிறார்கள். நான் ஒருகாலத்தில் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். ஈரக்கையால் தொடுவது, செலோடேப் ஒட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

உறையிலிருந்து தபால்தலையைப் பிரிப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. தேவகோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர் பிஸ்கட் டப்பா நிறையத் தபால்தலைகளோடு வந்தார். கொள்ளுத்தாத்தா பர்மாவில் வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளை. எந்த ஊர் என்று தெரிய வேண்டும். உறைகள் எங்கே என்று கேட்டேன். ஊறவைத்துப் பிரித்ததும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டாராம்.

மிஞ்சியது, ஐந்தாம் ஜார்ஜ் தலைபோட்ட இந்தியத் தபால்தலை; மேலே 'பர்மா' என்று ஆங்கிலத்தில் அச்சு. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது வெளிவந்தது. முத்திரையில் கால்வட்டம்தான் விழுந்திருந்தது. ஊர்ப்பெயரின் கடைசி மூன்று ஆங்கில எழுத்துகள் ஈ, ஐ, என். மௌல்மீன், பஸ்ஸீன், இன்சீன் மூன்றுமே அப்படித்தான் முடியும். மீதி முக்கால்வட்டமும் தேதியும் உறையோடு போய்விட்டன.

அனுப்பியவர் விலாசம், யார் பெயருக்கு எழுதினார் என்பது, பின்பக்கத்தில் நம்மூர்த் தபாலாபீஸ் குத்திய முத்திரை, போர்க்காலமென்றால் தணிக்கை அதிகாரியின் முத்திரை, எல்லாம் உறையில்தான் இருக்கும். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அதற்கு முன் வந்த கடைசி உறையின் தேதி கிடைத்தால், கொள்ளுத்தாத்தா பர்மாவிலிருந்து கால்நடையாகத் தப்பி இந்தியா வந்த கூட்டத்தில் இருந்தாரா, அங்கேயே தங்கிவிட்டாரா என்று தேட ஒரு பிடி கிடைத்திருக்கும். உறை கிழிந்திருந்தாலும், கரையான் அரித்திருந்தாலும் அப்படியே வையுங்கள். தபால்தலையைச் சுற்றி வெட்டியும் எடுக்காதீர்கள்.

ஆல்பத்தை நாடுவாரியாக மாற்றி அடுக்குவது

முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். பினாங்கும் கொழும்பும் ஒரே பக்கத்தில் இருப்பது குழப்பமாகத் தோன்றலாம். ஒரே உறவினர் இரண்டு ஊரிலும் இருந்து எழுதியிருக்கலாம்.

எல்லாத் தபால்தலையும் கடிதத்தில் வந்தது என்று நம்புவது

ஹங்கேரியின் முக்கோணத் தபால்தலை இருப்பதால் தாத்தாவுக்கு அங்கே ஆள் இருந்தது என்று கதை கட்ட வேண்டாம். அப்படிப்பட்டவை பாக்கெட்டில் விற்றன. முத்திரை குத்தியிருந்தும் பின்பக்கப் பசை அப்படியே இருந்தால், அது சேகரிப்பவர்களுக்கு விற்பதற்காகவே முத்திரையிட்டது.

முகவரியை மேலோட்டமாகப் படிப்பது

ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் கடிதம் 1972 ஆகஸ்ட் 15-க்கு முந்தையதல்ல.

லேமினேஷன்

கூடவே கூடாது.

அவசரப்பட்டு விற்பது

விற்றே ஆகவேண்டுமென்றால் உறையின் இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிட்டு விற்கவும். உள்ளே கடிதம் இருந்தால் அதை விற்க வேண்டாம்.