வெளிநாட்டில் போஸ்ட்டாக்: எங்கிருந்து தொடங்குவது?

சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுத்துவிட்டு வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) காத்திருக்கும்போதுதான் நம்மில் பலர் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, தேடவே ஆரம்பிக்கிறோம். அது தாமதம். தீசிஸ் எழுத உட்காரும்போதே, ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். ஜெர்மனியை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. ஆய்வகத்தைக் கண்டுபிடியுங்கள்

முதலில் உங்கள் தீசிஸின் மேற்கோள் பட்டியலை எடுங்கள். திரும்பத் திரும்ப வரும் குழுக்களைக் குறித்தால் பத்துப் பதினைந்து பெயர் தேறும். அவர்களின் கடைசி இரண்டு ஆண்டுப் பேப்பர்களைப் பாருங்கள். பழைய பேப்பரை மட்டும் நம்பி எழுதினால், அந்தக் குழு அந்த வேலையை எப்போதோ விட்டிருக்கலாம்.

2. மெயில் எழுதுங்கள்

குழுவை நடத்தும் பேராசிரியருக்கு எழுதும் மெயில் இது. எல்லாமே இங்கேதான் இருக்கிறது. ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால், திறந்த நொடியே தெரிந்துவிடும். பெயர் சொல்லி விளியுங்கள். நேராக விஷயத்துக்கு வாருங்கள். நீங்கள் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளாலான சூரிய மின்கலத்தில் வேலை செய்தவர் என்றால் இப்படி:

“பெரோவ்ஸ்கைட் படலம் ஈரக்காற்றில் மஞ்சளாகிச் சிதைவதைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சென்னையின் ஈரப்பதத்தில் அதே படலத்தைக் கூடுதல் நாள் தாங்க வைத்திருக்கிறேன். இணைத்துள்ள பேப்பரில் மூன்றாவது படம் அதைக் காட்டுகிறது. உங்கள் ஆய்வகத்தில் இதன் காரணத்தை ஆராய விரும்புகிறேன்.”

அவ்வளவுதான். அப்புறம் சிவி, ஒரே ஒரு பேப்பர். இரண்டு வாரத்தில் பதில் இல்லையா? ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போங்கள். மனம் விடாதீர்கள், பதில் வராததற்கு அவரிடம் பணம் இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

3. பணத்துக்கு வழி

பேராசிரியரின் புராஜெக்ட் பணத்தில் வரும் இடங்கள் யூராக்செஸ், நேச்சர் கேரியர்ஸ் என்ற ஆய்வு வேலைத் தளங்களில் விளம்பரமாகும். அவரிடம் பணம் இல்லையென்றால் ஃபெலோஷிப்பை (ஆய்வு உதவித்தொகை) நீங்களே கொண்டு போகலாம். ஜெர்மனிக்கு ஹம்போல்ட் ஃபெலோஷிப் இருக்கிறது. பிஎச்டி முடித்து 4 ஆண்டுக்குள் இருக்க வேண்டும், ஜெர்மனியில் ஒருவர் உங்களைத் தன் ஆய்வகத்தில் ஏற்கச் சம்மதிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி ஃபெலோஷிப்பில் ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள்: கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், போகப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இரண்டிலும் முடிவு வரப் பல மாதங்கள் ஆகும்.

வேலை தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உண்மையான ஆய்வகம் எதுவும் கேட்காது.

4. சிபாரிசுக் கடிதம், சான்றிதழ்

உங்கள் கைடிடமும் இன்னும் இரண்டு பேரிடமும் கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள். உங்கள் சிவியையும், எந்த வேலையைப் பற்றி எழுதினால் நல்லது என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அவர்களுக்கும் அது உதவி. வைவா முடிந்த அன்றே புரொவிஷனல் (தற்காலிகப் பட்ட) சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஆஃபர் கையில் இருந்தும் இந்த ஒரு தாளுக்காக விசா தள்ளிப்போகிறவர்கள் உண்டு.