வேக்குவம் கிளீனரின் ரெகுலேட்டரை எங்கே வைப்பது?

கொலோன் நகரில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை எனக்கு. அதனாலோ என்னவோ, ஜெர்மனிக்குப் புதிதாக வந்து வீடு எடுக்கும் நம் ஆட்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அக்கா, கடையில எல்லாமே 900 வாட்டுக்குக் கீழதான் இருக்கு. பழைய 2000 வாட் ஒண்ணு செகண்ட் ஹேண்டுல வருது, வாங்கிடட்டுமா?"

வேண்டாம். மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள வாட், மோட்டார் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு தூசி இழுக்கும் என்பதை அது சொல்லாது. இழுவை, காற்று எவ்வளவு தடையில்லாமல் ஓடுகிறது, தரையைத் தொடும் தலைப்பகுதி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பவற்றில் இருக்கிறது. ஒரு காலத்தில் கம்பெனிகள் அட்டைப்பெட்டியில் வாட்டைப் பெரிதாக அச்சடித்துப் போட்டி போட்டன. அதற்குத்தான் ஐரோப்பிய ஒன்றியம் கடிவாளம் போட்டது. 2014 செப்டம்பர் 1 முதல் 1600 வாட்டுக்குக் கீழே, 2017 செப்டம்பர் 1 முதல் 900 வாட்டுக்குக் கீழே என்று இரண்டு படியாக. முதல் படி வருவதற்கு முந்தைய ஆகஸ்டில் பிரிட்டனில் மக்கள் கடைக்கு ஓடி, பெரிய மெஷின்களை அள்ளிக்கொண்டு போனார்கள்.

வாட்டைக் குறைத்ததோடு சட்டம் நிற்கவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. 2017 விதிப்படி, கம்பளத்தில் 75 விழுக்காடு தூசியையும், கம்பளம் இல்லாத, இடுக்குள்ள கட்டாந்தரையில் 98 விழுக்காடு தூசியையும் சோதனையில் எடுத்தாக வேண்டும். சத்தம் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. மோட்டார் 500 மணி நேரமாவது உழைக்க வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் ஓட்டினால் அது ஒன்பது வருஷத்துக்கு மேல். பழைய 2000 வாட் மெஷினுக்கு இந்த உத்தரவாதம் எதுவும் கிடையாது.

மின்கட்டணத்தில் பெரிதாக மிச்சமாகும் என்று நினைத்து வாங்காதீர்கள். 87 சதுர மீட்டர் வீட்டை வருஷத்தில் 50 தடவை சுத்தம் செய்தால் 43 யூனிட்டுக்குக் குறைவாகத்தான் ஆக வேண்டும் என்பது விதியின் கணக்கு. யூனிட் 35 சென்ட் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 15 யூரோ. இரண்டு பிரியாணிகூட வராது. கோடிக்கணக்கான வீடுகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது பெரிய தொகை.

சரி, இழுவையைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டருக்கு வருவோம். பெரும்பாலானோர் அதைக் கடைசி வரை திருகி வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். திரைச்சீலைக்கு முதல் புள்ளி, அதாவது மிகக் குறைவு. இல்லையென்றால் துணியையே வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். சோபாவுக்கும் மெத்தைக்கும் அதற்கு ஒரு படி மேலே, சின்ன மூக்கை மாட்டிக்கொண்டு. தரையில் சும்மா விரித்திருக்கும் சின்னக் கம்பளத்துக்குப் பாதிக்கும் கீழே. சுவருக்குச் சுவர் ஒட்டிய கம்பளத்துக்கு ஏற்றலாம், ஆனால் தலைப்பகுதி தரையோடு ஒட்டிக்கொண்டு தள்ளவே முடியாமல் போனால் அது அதிகம் என்று அர்த்தம். கைப்பிடியில் ஒரு சின்னத் தள்ளுமூடி இருக்கும், அதைக் கொஞ்சம் திறந்தால் உடனே இலகுவாகும். டைல்ஸிலும் லேமினேட்டிலும் தலைப்பகுதியில் காலால் மிதிக்கும் பெடலை மாற்றி பிரஷ் முடியைக் கீழே நீட்டிக்கொள்ளுங்கள்; ரெகுலேட்டர் நடுவில் இருந்தால் போதும். சில மெஷின்களில் கட்டாந்தரைப் படம் உச்சியில் இருக்கும். அது பலகை இடுக்குகளை மனதில் வைத்துப் போட்டது. இடுக்கில்லாத தரைக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து.

எந்த அளவில் வைத்தாலும் மெதுவாகத் தள்ளி, மெதுவாக இழுக்க வேண்டும். அவசரமாக உரசிக்கொண்டு போகிறவர்களுக்கு எந்த வாட்டும் உதவாது.

இழுவை குறைந்துவிட்டால் ரெகுலேட்டரைத் தொடாதீர்கள், காற்றின் பாதையைப் பாருங்கள். முதலில் பை. முக்கால்வாசி நிரம்பியதுமே மாற்றிவிடலாம். அப்புறம் மோட்டாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர், பின்னால் காற்று வெளியேறும் ஃபில்டர். அப்புறம் தலைப்பகுதியைக் கவிழ்த்துப் பாருங்கள்: நம் வீடுகளில் நீளமான கூந்தல்தான் முதல் எதிரி. கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி உருவினால் வந்துவிடும். கடைசியாக ஹோஸ். அடைத்திருந்தால் மோட்டாரின் சத்தம் கீச்சென்று உயரும். அதிகமாக உழைப்பதுபோலக் கேட்கும், உண்மையில் தள்ளுவதற்குக் காற்று இல்லாமல் வெறுமனே வேகமாகச் சுற்றுகிறது. குளிர்விக்கும் காற்றும் அதோடு நின்றுபோவதால் மோட்டார் சூடேறி, பாதுகாப்பு சுவிட்ச் தானாக அணைத்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, அடைப்பை எடுத்து, அரை மணி நேரம் ஆறவிட்டால் பல மெஷின்கள் மறுபடி ஓடும்.

பூஜை அலமாரிப் பக்கம் தனியாகச் சொல்ல வேண்டும். விபூதியும் கோலமாவும் மிக நுண்ணிய பொடி. ஒரு கைப்பிடி உள்ளே போனாலே பையின் துளைகள் அடைந்துவிடும், பார்த்தால் பை காலியாகத்தான் தெரியும். அதை ஈரத்துணியால் துடையுங்கள். ஊதுவத்திச் சாம்பலைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். உள்ளே ஒரு பொறி கனன்றுகொண்டிருந்தால், பையில் இருக்கும் பஞ்சும் தூசியும் பற்றிக்கொள்ள அது போதும்.

பேட்டரியில் ஓடும் குச்சி மெஷினும் ரோபோவும் இந்தச் சட்டத்தில் வராது. ஈரத்தையும் இழுக்கும் டிரம் மெஷினும் வராது. அதன் பெட்டியில் 1400 வாட் என்று பார்த்தால் சட்டத்தை மீறியது என்று நினைக்க வேண்டாம். குச்சி மெஷினில் இழுவையை உச்சத்துக்கு ஏற்றும் பூஸ்ட் பட்டனை அழுத்தினால் பேட்டரி பத்து நிமிடத்தை ஒட்டியே தீர்ந்துவிடும். சாதாரண நாளில் குறைந்த அளவே போதும், கார் இருக்கைக்கும் கால்மிதிக்கும் மட்டும் பூஸ்ட்.

செகண்ட் ஹேண்ட் விளம்பரங்களில் மின்சாரச் சிக்கனத்துக்கு ஏ முதல் ஜி வரை தரம் போட்ட வண்ணப் பட்டியைக் காட்டி விலை சொல்வார்கள். அதை நம்பி ஒரு யூரோகூட அதிகம் கொடுக்காதீர்கள். வேக்குவம் கிளீனர் தயாரிக்கும் டைசன் கம்பெனி தொடுத்த வழக்கில், காலிப் பையோடு செய்த சோதனை வீட்டில் நடப்பதைக் காட்டாது என்று சொல்லி, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2018 நவம்பரில் அந்தப் பட்டியை ரத்து செய்தது. 2019 ஜனவரிக்குப் பிறகு அது செல்லாது. 900 வாட் வரம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. பழையதை வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், பை இப்போதும் கடையில் கிடைக்கிறதா என்று மாடல் எண்ணை வைத்து முதலில் பாருங்கள். பிறகு ஓடவிட்டு, ஹோஸை வளைத்து வளைத்து எங்காவது காற்று கசிகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.