சாரல் காலத்தில் ஆர்க்கிட் வேரைக் காப்பாற்றியது: என் அனுபவம்

செங்கோட்டையில் ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இறங்கிக்கொண்டே இருக்கும். எங்கள் பலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் இலைகள் துவண்டது அந்தச் சமயத்தில்தான். இலை துவண்டால் தண்ணீர் போதவில்லை என்றே யாருக்கும் தோன்றும். வேர் அழுகினாலும் இலை அப்படித்தான் துவளும், நீரை உறிஞ்ச வேர் இருக்காதே!

தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். நர்சரியில் மண்ணுக்குப் பதிலாக இறுக்கி அடைத்த பாசி நடுவில் சொதசொதவென்று இருந்தது. பழுப்பு வேர்களை இழுத்தால் மேல்தோல் உருவி வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. அவற்றைத் தீயில் காட்டிய கத்தரியால் வெட்டி, வெட்டிய இடத்தில் மட்டும் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூள் தொட்டு வைத்தேன். நல்ல வேரில் தூள் படக் கூடாது, அதையும் உலர்த்திவிடும். அப்புறம் மரக்கரி, ஓட்டுச்சில்லு, ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டுகள் கொஞ்சம் கலந்து, பாசிக்குப் பதிலாக அதில் நட்டேன். இந்த ஊர் ஈரத்துக்குக் கரி அதிகமாக இருப்பதே சரி.

நட்டவுடன் தண்ணீர் ஊற்றவில்லை. வெட்டுக்காயம் ஆறட்டும் என்று ஒரு வாரம் நிழலில் வைத்து, காலையில் இலைமேல் மட்டும் லேசாகத் தெளித்தேன். நடுக்குருத்தில் நீர் தங்கினால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் குருத்தும் அழுகும்.

பிறகு வேரின் நிறம்தான் கணக்கு. ஈரமாக இருந்தால் பச்சை, காய்ந்தால் வெளிர் சாம்பல். சாம்பலானதும் காலையில் தாராளமாக ஊற்றி, முழுக்க வடியவிடுகிறேன். அடித்தட்டு வைப்பதே இல்லை. புது வேர் பச்சை நுனியோடு எட்டிப் பார்த்த பிறகே உரம், அதுவும் நீர்க்கக் கரைத்து.