குடும்ப ஒயின் தொழிலுக்குள் போகுமுன் வேலையும் சம்பளமும் எழுத்தில் இருக்கட்டும்

உங்கள் குடும்பத்துக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது, கூடவே ஒயின் ஆலையும் இருக்கிறது. படிப்பு முடிகிற நேரம், அல்லது வேறு ஊரில் நல்ல வேலையில் இருக்கிற நேரம், "வெளியே சுத்தினது போதும், வந்து தொழிலைப் பாரு" என்கிறார் அப்பா. சரி என்று அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிடாதீர்கள். முதலில் இரண்டு மூன்று வருடம் அடுத்தவர் ஆலையில் வேலை பாருங்கள், அப்புறம் உங்கள் ஆலைக்கு வாருங்கள், அதுவும் இன்ன வேலை, இன்ன சம்பளம் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஏன் வெளியே போகச் சொல்கிறேன் என்றால், முதலாளி வீட்டுப் பிள்ளையை யாரும் திட்டமாட்டார்கள். நீங்கள் பீப்பாயை அரைகுறையாகக் கழுவி வைத்தால், நீங்கள் போனபிறகு இன்னொருவர் சத்தமில்லாமல் அதைத் திரும்பக் கழுவிவிடுவார், உங்களுக்கு அது தெரியவே தெரியாது. வேறொருவர் ஆலையில் அதே தப்புக்கு உங்கள் முகத்துக்கு நேராக ஏச்சு விழும், ஜென்மத்துக்கும் மறக்காது.

இன்னொரு காரணம் வெறும் கணக்கு. திராட்சை அறுவடை வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். நாற்பது வருடம் தொழில் பார்த்தவரும் சொந்தத் தோட்டத்தில் பார்த்திருப்பது நாற்பது அறுவடைதான். ஆனால் வட பாதி உலகத்தில் அறுவடை பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, தென் பாதியில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. பிரான்ஸின் போர்தோவிலோ கலிபோர்னியாவின் நாபாவிலோ ஒரு அறுவடையை முடித்துவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு அர்ஜென்டினாவின் மெண்டோசாவுக்கோ ஆஸ்திரேலியாவின் பரோசாவுக்கோ தென்னாப்பிரிக்காவின் ஸ்டெலன்பாஷுக்கோ போனால் ஒரே வருடத்தில் இரண்டு பார்க்கலாம், மூன்று வருடத்தில் ஆறு. பல ஆலைகள் அறுவடைக் காலத்துக்கென்றே கூடுதல் ஆள் எடுக்கும். விசா, ஒப்பந்தம் எல்லாம் நேரம் பிடிக்கிற சமாச்சாரம் என்பதால் அறுவடைக்கு அரை வருடம் முன்பே எழுதிப் போடுங்கள். வீட்டுப் பெயரைச் சொல்லி சிபாரிசில் போகாமல் இருந்தால் ரொம்ப நல்லது.

அங்கே போனதும் ருசி பார்த்துக் குறிப்பு எழுதுகிற வேலை கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். முக்கால்வாசி நேரம் கழுவுவதுதான் வேலை. தொட்டி, குழாய், பம்ப், தரை, மறுபடி தொட்டி. நான் முதல் முறை சிவப்பு ஒயின் நொதிக்கிற தொட்டிமேல் நின்றது இன்றைக்கும் உடம்பில் இருக்கிறது. திராட்சைத் தோல்களெல்லாம் மேலே எழும்பி கனமான பாய் மாதிரி மூடியிருக்கும், அதை நீளக் கட்டையால் சாற்றுக்குள் அமுக்க வேண்டும். முதல் இரண்டு குத்துக்குக் கட்டை இறங்கவே இல்லை, முழு எடையையும் போட்டு அழுத்தியதும் பொளக்கென்று உடைந்து உள்ளே போனது, கீழிருந்து சூடும் நுரையும் மூக்கை அடைக்கிற வாடையும் ஒன்றாக ஏறி வந்தன. காலையும் மாலையும் அதையே செய்ததில், பத்தாவது நாள் தோல் எவ்வளவு இளகியிருக்கிறது என்பதைக் கை சொல்லிவிட்டது. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

கையோடு ஒரு எச்சரிக்கை. ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிவதற்குள் 40 லிட்டருக்கு மேல் கரியமில வாயுவை வெளியே விடும். அது காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தேங்கும், கண்ணுக்கும் தெரியாது. தொட்டிக்குள் விழுந்த பொருளை எடுக்க இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து செத்த விபத்துகள் இந்தத் தொழிலில் உண்டு. காற்றோட்டமும் வாயு அளக்கும் கருவியும் இல்லாத நிலவறைக்குள் யார் சொன்னாலும் இறங்காதீர்கள். பிற்பாடு உங்கள் ஆலையில் நீங்கள் மாற்றுகிற முதல் விஷயம் இதுவாகவே இருந்தாலும் சந்தோஷம்.

படிப்பு பற்றிக் கேட்பார்கள். ஒயின் செய்வதுதான் உங்கள் வேலை என்றால் டேவிஸ், மான்பெல்லியே, கைசன்ஹைம், அடிலெய்டு மாதிரி ஒயின் படிப்புக்குப் பெயர்போன இடங்களில் முறையான பட்டம் படியுங்கள், அதில் வேதியியல் பிடிக்காவிட்டாலும் தப்பிக்க முடியாது. விற்பனைப் பக்கம் போகிறீர்கள் என்றால் லண்டனில் 1969இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.இ.டி. என்கிற ஒயின் கல்வி அமைப்பின் தேர்வுகள் போதும், அவற்றை வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். வீட்டில் அண்ணனோ தங்கையோ ஏற்கெனவே ஒயின் செய்கிறவர் என்றால் நீங்களும் அதையே படிக்காதீர்கள். நிறைய குடும்பங்களில் நல்ல ஒயின் செய்ய மூன்று பேர் இருப்பார்கள், கணக்குப் பார்க்க ஒருவர்கூட இருக்கமாட்டார்.

கணக்கைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தத் தொழிலில் பணம் தூங்குகிற நேரம் ரொம்ப அதிகம். இன்றைக்குக் கொடி நட்டால் ஓரளவு காய்ப்பு வர மூன்று வருடம், நல்ல பழம் வர இன்னும் சில வருடம். பறித்த பழம் ஒயினாகி, பீப்பாயில் ஒன்றரை வருடம் கிடந்து, பாட்டிலில் இன்னும் கொஞ்ச நாள் ஆறி, அப்புறம்தான் விற்பனைக்குப் போகும். ஸ்பெயினின் ரியோஹாவில் சிவப்பு ஒயினைக் கிரான் ரிசர்வா என்று போட்டு விற்க வேண்டுமானால் குறைந்தது ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதுவரைக்கும் பறிக்கிறவர் கூலி, பாட்டில், கார்க், பீப்பாய், வரி எல்லாம் கையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். 225 லிட்டர் பீப்பாய் ஒன்று 300 பாட்டில். அந்த முந்நூறும் விற்றுப் பணமாகத் திரும்பி வர எத்தனை மாதம் ஆகிறது என்று உங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமா? வந்து சேர்ந்த முதல் மாதம் கடந்த ஐந்து வருடப் பேரேட்டையும் கடன் பத்திரங்களையும் கேட்டு வாங்கி உட்கார்ந்து படியுங்கள். காட்ட மறுத்தால், உங்களைத் தொழிலுக்குக் கூப்பிடவில்லை, ஒத்தாசைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

அப்புறம் பங்காளி விவகாரம். நாபாவில் மொண்டாவி குடும்பம் 1943இல் சார்லஸ் க்ரூக் ஆலையை வாங்கியது. ராபர்ட், பீட்டர் என்று அண்ணன் தம்பி இருவர். 1965இல் வாய்ச்சண்டை கைகலப்பாகி, ராபர்ட்டைத் தொழிலைவிட்டு வெளியே அனுப்பினார்கள். அவர் 1966இல் சொந்த ஆலை கட்டினார், வழக்கு வருடக்கணக்கில் ஓடியது. 2004இல் ராபர்ட்டின் நிறுவனமும் குடும்பக் கையைவிட்டுப் போனது. 2005இல் இருவரும் சேர்ந்து, இரண்டு குடும்பத் திராட்சையும் கலந்து, ஏலத்துக்காக ஒரே ஒரு பீப்பாய் ஒயின் செய்தார்கள். இடையில் போனது 40 வருடம். இதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு மனசு கனக்கும், இரண்டு பேருமே நன்றாக ஒயின் செய்யத் தெரிந்தவர்கள்.

நிலத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டே போனாலும் தீராது. பிரான்ஸின் பர்கண்டியில் க்ளோ த வூஜோ என்கிற தோட்டம் சுமார் 50 ஹெக்டேர்தான், சுமார் 80 பேருக்குச் சொந்தம். மதில் ஒன்று, உள்ளே ஆளுக்குச் சில வரிசைக் கொடி. அதனால் யார் எதை முடிவு செய்வது, தொழிலில் இல்லாத அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் என்ன பங்கு, ஒருவர் விலக நினைத்தால் அவர் பங்கை யார், என்ன முறையில் மதிப்பிட்டு வாங்குவது, இதெல்லாம் உறவு நன்றாக இருக்கும்போதே எழுதப்பட வேண்டும். குடும்பத்துக்கு வேண்டப்பட்டவராக இல்லாத ஒரு வக்கீலை வைத்து எழுதுங்கள். மருமகளையும் மகளையும் விட்டுவிட்டு எழுதாதீர்கள். 1805இல் கணவர் இறந்தபோது 27 வயதில் பிரான்ஸின் க்ளிகோ குடும்பத்து ஷாம்பெய்ன் தொழிலைக் கையில் எடுத்தவர் மருமகள்தான், ஷாம்பெய்ன் பாட்டிலைத் துளையிட்ட பலகையில் கவிழ்த்து வைத்து வண்டலைக் கழுத்துக்கு இறக்குகிற முறை அவருடைய ஆலையில் வந்தது. 1385 முதல் ஒயின் தொழிலில் இருக்கிற இத்தாலியின் அந்தினோரி குடும்பத்தில் இன்றைக்கு 26ஆம் தலைமுறை, மூன்று சகோதரிகள்.

உங்கள் சம்பளக் கடிதமும் இதில் சேர்த்திதான். பதவிப் பெயர், சம்பளம், லீவு, யாருக்குக் கீழே வேலை, எல்லாம். அப்பாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். "எல்லாம் ஒரு நாள் உனக்குத்தானே" என்று வருகிற பதிலுக்கு, "சரிப்பா, அந்த நாள் வரைக்கும் எனக்கு என்ன வேலைன்னு சொல்லுங்க" என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

வந்த உடனே லேபிளை மாற்றுவது, பழைய பீப்பாயைத் தூக்கிப் போடுவது இதெல்லாம் வேண்டாம். ஒரு தொட்டி மட்டும் கேளுங்கள். ஒரு துண்டு நிலத்துப் பழம், ஒரு தொட்டி, பறிக்கிற நாள் முதல் பாட்டில் வரை உங்கள் முடிவு, கெட்டுப்போனால் உங்கள் பொறுப்பு. பக்கத்துத் தொட்டியில் அப்பா வழக்கம்போலச் செய்யட்டும். அடுத்த வருடம் இரண்டையும் பெயர் மூடி எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துப் பேசுங்கள். வாதம் செய்து ஜெயிக்க முடியாததைக் கிளாஸ் ஜெயித்துக் கொடுக்கும், சில வருடம் அப்பாவின் தொட்டி ஜெயிக்கும், அதையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

குடியைப் பற்றியும் பேசியாக வேண்டும். ருசி பார்ப்பவர்கள் துப்புகிறார்கள், அது நாகரிகக் குறைவே இல்லை, வேலையின் பகுதி. காலையில் பீப்பாய் ருசி, மதியம் வாடிக்கையாளர், ராத்திரி குடும்பச் சாப்பாடு என்று மூன்று வேளையும் விழுங்கினால் அது எங்கே போய் முடியும் என்று தெரியும்தானே. வாரத்தில் சில நாள் கிளாஸையே தொடாமல் இருங்கள். விட முடியவில்லை என்று தோன்றிய அன்றே மருத்துவரிடம் போங்கள், வீட்டில் மறைக்காதீர்கள்.

பெரியவர்கள் நடமாடுகிற வரைக்கும் குளிர்காலக் கவாத்துக்கு அவர்கள் கூடவே வரிசை வரிசையாக நடங்கள். இந்தக் கொடியில் ஏன் இரண்டு மொட்டு மட்டும் விட்டீர்கள், அந்த மூலையில் பனி ஏன் முதலில் இறங்குகிறது, எந்த வருடம் இங்கே வேர் அழுகியது என்று கேட்டு அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். குளிரில் பேனா சிலசமயம் எழுதாது.