திருகோணமலையில் கலப்படமில்லாத சமையல் சாமான்களைக் குறைந்த விலையில் வாங்குவது எப்படி?

புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களும் படிப்புக்காக அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இயற்கையான சாமான் வாங்கினால் கட்டுப்படியாகுமா?" கட்டுப்படியாகும். 'இயற்கை' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த பைக்கற்றைத் தேடினால்தான் கை கடிக்கும். நம் ஊரைச் சுற்றி வயல் இருக்கிறது, உப்பளம் இருக்கிறது, எருமைப் பட்டி இருக்கிறது, கரைவலை இருக்கிறது. விளைகிற இடத்துக்குக் கொஞ்சம் கிட்டப் போங்கள்; விலையும் இறங்கும், கலப்படமும் குறையும்.

படி 1: ஒரு மாதக் கணக்கு

உங்கள் வீட்டில் அரிசி, தூள், எண்ணெய், பருப்பு, உப்பு ஒரு மாதத்துக்கு எவ்வளவு போகிறது என்று கொப்பியில் எழுதுங்கள். கணக்குத் தெரியாமல் மொத்தமாக வாங்கினால் வண்டுதான் தின்னும்.

படி 2: தூளை விடுங்கள், முழுச்சரக்கை வாங்குங்கள்

இந்த ஒரு படியை மட்டும் செய்தாலும் போதும் என்பேன். சில வருடங்களுக்கு முன் மலிவு என்று நிறுத்து விற்கும் மிளகாய்த்தூள் வாங்கினேன். கறி நல்ல சிவப்பாக வந்தது, உறைப்பே இல்லை. மிச்சத்தில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரின் மேல் தூவினேன். சிவப்புக் கோடுகள் கோடுகளாக இறங்கின, அது சாயம். பிள்ளைகளுக்கு அதைத்தானே ஊட்டினோம் என்று அன்றிரவு முழுவதும் மனம் ஆறவில்லை. அதற்குப் பிறகு தூள் வாங்கியதில்லை.

நகரச் சந்தையை ஒட்டிய பலசரக்குக் கடைகளில் அரைக் கிலோ செத்தல் மிளகாய், அரைக் கிலோ மல்லி, தலா 100 கிராம் மிளகும் பெருஞ்சீரகமும், 50 கிராம் நற்சீரகம், 25 கிராம் வெந்தயம், ஒரு துண்டு மஞ்சள் வாங்குங்கள். குறைந்தது மூன்று கடைகளில் விலை கேளுங்கள். மிளகாயைக் கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். கறுவாப்பட்டையும் வேண்டுமென்றால் சுருட்டுப் போல மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டு, விரலால் நொறுங்குவதை எடுங்கள். ஒரே தடித்த பட்டையாக இருப்பது வேறு மரம்.

வீட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனியே, இளந்தீயில், இரண்டு பிடி கறிவேப்பிலையுடன் வறுத்து ஆறவிடுங்கள். மிளகாய்க் காம்பு பட்டென்று ஒடிந்தால் பதம் சரி. பிறகு பக்கத்து மில்லில் கொடுத்து அரையுங்கள். உங்களுக்கு முன்னால் யாராவது அரிசி மா அரைத்திருந்தால் முதலில் விழும் ஒரு பிடி அவர்களுடைய மாவாகத்தான் இருக்கும். மிளகாய் அரைத்தவருக்குப் பின்னால் நில்லுங்கள். வந்த தூளைச் சூட்டோடு போத்தலில் அடைக்காதீர்கள். கடதாசியில் பரப்பி, நன்றாக ஆறியபின் மூடுங்கள்.

படி 3: அரிசிக்குத் தம்பலகாமம்

கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளையும் தம்பலகாமத்து வயல்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பெரும்போகம் பெப்ரவரி, மார்ச்சில் வெட்டுவார்கள். சிறுபோகம் ஓகஸ்ட், செப்டெம்பரில். அந்த நேரம் நெல்லாகவே வாங்கி, அங்குள்ள ஆலையில் அதிகம் தீட்டாமல் குற்றித் தரச் சொல்லுங்கள். 100 கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய 65 கிலோ அரிசி வரும். தனியாள் என்றால் மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு மூடை எடுத்துப் பங்கிடலாம். தவிட்டு வாசனையோடு வரும் சிவப்பரிசியைச் சிரட்டையகப்பையால் கிளறும்போது எழும் மணம் இருக்கிறதே, அதற்காகவே தம்பலகாமம் போவேன்.

தீட்டாத அரிசி சீக்கிரம் வண்டு பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

படி 4: தயிர், வெங்காயம், கருவாடு, உப்பு

எருமைத் தயிருக்குக் கிண்ணியா. 2009இல் பாலம் திறக்கும்வரை தண்ணீரைக் கடந்து போக வேண்டியிருந்த ஊர். இப்போது பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். "நானா, இது எப்போது உறை ஊற்றியது?" என்று கேட்டுவிட்டுச் சட்டியை மெல்லச் சரித்துப் பாருங்கள். தண்ணீர் பிரிந்து ஓடாமல், மேலே ஆடை கட்டியிருந்தால் எடுங்கள்.

சின்ன வெங்காயத்துக்கு நிலாவெளி, குச்சவெளிப் பக்கம்.

கருவாட்டை மே முதல் செப்டெம்பர் வரையான வெயிலில் வாங்கி வைத்துவிடுங்கள். ஒக்டோபரில் மழை பிடித்தால் காயாது, விலையும் ஏறும். வயிற்றுப் பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள்; பிசுபிசுத்தால் வேண்டாம்.

உப்பில் ஒரு எச்சரிக்கை. நிலாவெளி உப்பளத்துக் கல்லுப்பு மலிவுதான், ஆனால் உப்பளத்திலிருந்து நேரே வருவதில் அயடின் சேர்த்திருக்காது. ஊறுகாய்க்கும் மீன் உப்பிடவும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடக் கறிக்கு அயடின் சேர்த்த உப்பே வேண்டும், முக்கியமாகக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில். இந்த விடயத்தில் 'இயற்கை' என்ற சொல்லுக்கு நான் மயங்கமாட்டேன்.

படி 5: வீட்டிலேயே சோதனை

மிளகைத் தண்ணீரில் போடுங்கள். பப்பாசி விதை கலந்திருந்தால் மிதக்கும். தேங்காய் எண்ணெயைச் சிறு போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நல்ல எண்ணெய் முழுவதும் உறைந்துவிடும், வேறு எண்ணெய் கலந்திருந்தால் உறையாத படலம் தனியே நிற்கும். மஞ்சள் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் 2020இல் விலை எக்கச்சக்கமாக ஏறியதிலிருந்து நான் மஞ்சளைக் கிழங்காகவே வாங்குகிறேன். தூள்தான் கிடைத்தது என்றால் ஒரு கரண்டியைத் தண்ணீரில் இட்டுக் கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் அடியில் படிந்து, தண்ணீர் வெளிறிய மஞ்சளாக நிற்கும். தண்ணீரே கடும் மஞ்சளானால், பையோடு எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்கே போங்கள்.